மொரப்பூரிலிருந்து கல்லூரி எவ்வளவு தூரம்?

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் ரயில் நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து சேலம் போகும் பாதையில், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே. தருமபுரியிலும் ரயில் நிலையம் இருக்கிறது. அது சேலம் - பெங்களூரு பாதை. இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ரயில்தான் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையில் வண்டி ஓடத் தொடங்கி, பிறகு ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1941இல், அதை நிறுத்திவிட்டார்கள். புதிதாக 36 கிலோமீட்டர் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லுக்குப் பிறகு நிலம் கையகப்படுத்துவதிலேயே ஆண்டுகள் போயின.

கல்லூரிகளில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச வந்தவன் ரயில் பாதையில் தொடங்குவது சுற்றி வளைப்பதாகத் தோன்றலாம். ஆனால் மொரப்பூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணைப் பற்றி அவள் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டால், சாதிச் சான்றிதழும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும் வருவதற்கு முன்பே வரும் கேள்வி இதுதான்: காலையில் எந்த வண்டிக்குப் போவாள், இருட்டுவதற்குள் எந்த வண்டிக்குத் திரும்புவாள்? 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம்; தருமபுரி மாவட்டத்தில் 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம். மாவட்டத்துப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் அறுபது சதவீத அளவில்தான் இருந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பின்போது பள்ளியில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்தான் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். அவர்களில் கல்லூரிக்கு வரும் பலர் தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

ஏற்றத்தாழ்வை எதிர்கொள்வதில் தமிழ்நாடு காட்டிய கற்பனை வளம் சாதாரணமானதல்ல. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டாக அந்தக் கற்பனையின் பெரும்பகுதி கல்லூரியின் நுழைவாயிலில்தான் செலவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருக்கு எத்தனை இடம், எந்தத் தேர்வு வேண்டும், எது வேண்டாம் என்பதில் நாம் தேர்ந்தவர்கள். உள்ளே வந்த பிள்ளை முதல் செமஸ்டரைத் தாண்டுவதற்கு என்ன வேண்டும் என்பதில் அந்த அளவு யோசித்ததில்லை.

வாசலின் கதையைச் சுருக்கிச் சொல்லலாம், பலருக்கும் தெரிந்ததுதான். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வந்த வகுப்புவாரி அரசாணை அரசு வேலையில் தொடங்கிக் கல்லூரி இடங்களுக்கும் பரவியது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய, தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பில் அரசமைப்புச் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. எம்.ஜி.ஆர். 1979இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதும் வரம்பை நீக்கிவிட்டு ஒதுக்கீட்டையே 50 சதவீதமாக்கினார். வன்னியர் போராட்டத்துக்குப் பிறகு 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியாகப் பிரிந்தது. தருமபுரி மாவட்டத்தின் சமூக அமைப்பை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு முடிவு இங்கே எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னபோது, தமிழ்நாட்டுச் சட்டமும் அதில் காப்பாற்றப்பட்டது.

இடஒதுக்கீட்டைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு வரிசை உண்டு. தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. கூடவே பயிற்சி மையங்களும் வந்தன. நாமக்கல்லிலும் சேலத்திலும் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகின. அரூர் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி எட்டாத தூரத்தில் இருந்தது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006இல் நிறைவேறி 2007இல் ஒப்புதல் பெற்றது. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழிகளில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். யாருக்கும் எதையும் கொடுக்காமல், நடுவிலிருந்த ஒரு தடையை மட்டும் எடுத்துவிட்டார்கள். பணம் கொடுக்கும் திட்டத்துக்கு விண்ணப்பம் வேண்டும், வருமானச் சான்று வேண்டும், ஈ-சேவை மையத்தில் காத்திருக்க வேண்டும். இல்லாத தேர்வுக்கு எதுவும் வேண்டாம்.

மருத்துவத்தில் அந்தத் தடை 2017இல் நீட் என்ற பெயரில் திரும்பி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 எடுத்த அரியலூர் அனிதா அந்த ஆண்டுதான் உயிரை மாய்த்துக்கொண்டார். அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. பிறகு இதை ஆராய நீதிபதி கலையரசன் குழு. 2020 அக்டோபரில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 405 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுங்கின. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

இந்த 7.5 சதவீதத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. இந்த மாவட்டத்துக்காரர்கள் அதை மறந்துவிடக் கூடாது. 1990களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 15 சதவீதம் தந்தார்கள். 2001இல் அதை 25 ஆக உயர்த்தப் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பள்ளி இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்தபோது தோற்ற எண்ணம், பள்ளியை நடத்துபவர் யார் என்பதை வைத்துப் பிரித்தபோது வென்றது: 2022 ஏப்ரலில் 7.5 சதவீதம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். அடையாளம் காணும் வழிதான் வேறு. பின்தங்கியவரை எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் உலகெங்கும் இந்தத் துறையின் புதுமை இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸில் நிறத்தை வைத்து இடம் தரக் கூடாது என்று 1996இல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். கறுப்பினத்தவர் பள்ளி, எல்லையோர மெக்சிக்கர்களின் பள்ளி, பணக்காரப் புறநகர்ப் பள்ளி எல்லாம் ஒரே கணக்கில் வந்தன. ஆனால் இடம் நிச்சயம் என்று தெரிந்தும் பல பள்ளிகளிலிருந்து யாரும் வரவில்லை. பல்கலைக்கழகமே அந்தப் பள்ளிகளைத் தேடிப் போய், உதவித்தொகை தந்து அழைத்த பிறகுதான் வரத் தொடங்கினார்கள். பிரேசில் 2012இல் இன்னும் துணிந்து போனது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இடங்களில் பாதியை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கி, அதற்குள் வருமானத்தையும் இனத்தையும் பார்த்துப் பிரித்தது. அதன் பக்கத்தில் நம் 7.5 கூச்சத்தோடு நிற்கிறது.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வழி நமக்கு இன்னும் நெருக்கமானது. விண்ணப்பித்தவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று பார்த்து, பின்தங்கிய மாவட்டமென்றால் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு சில புள்ளிகளைச் சேர்த்தார்கள். மாவட்டத்தின் பின்தங்கிய நிலையை அளந்த விதம் அழகானது: பெண்களின் எழுத்தறிவு, விவசாய வேலை செய்வோரின் விகிதம், கிராம மக்கள்தொகை, கழிப்பறை இல்லாத வீடுகள். சாதி கேட்காமல், வருமானச் சான்று கேட்காமல், ஊரைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். 2017இல் ஆய்வுப் படிப்புகளுக்கு இது நிறுத்தப்பட்டது.

மாவட்டத்தை அளவுகோலாக வைப்பது எப்போதும் நன்மையில் முடியும் என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, அதே பல்கலைக்கழக இடத்துக்குத் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் கோபம் எங்கே போய் முடிந்தது என்பது வரலாறு. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வன்னி, மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுவரை திறக்காத கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. இன்று அங்கே பல கலை சாராத படிப்புகளில் 40 சதவீத இடம் நாடளாவிய தகுதியில், 55 சதவீதம் மாவட்ட அளவில், 5 சதவீதம் மிகப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரே கருவி, அதைக் கையில் எடுத்தவரின் நோக்கத்துக்கேற்ப இரண்டு வேலை செய்தது. மொழியை வைத்து ஒரு மக்களைக் கீழே தள்ளவும் பயன்பட்டது. ஊரை வைத்து இன்னொரு கூட்டத்தை மேலே தூக்கவும் பயன்பட்டது.

வாசலை விட்டு நகர்ந்து, வாசலுக்கு வரும் பாதையைப் பார்ப்போம். இங்கேதான் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு உண்மையாகவே புதிதாக யோசித்திருக்கிறது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் ஒரு திருமண உதவித் திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்கக் கல்யாணத்தையே தூண்டிலாக்கிய உத்தி அது. அந்தக் காலத்துக்கு நல்ல உத்திதான். 2011இல் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டதாரி என்றால் 50,000 ரூபாய். என்ன இருந்தாலும் பணம் வருவது கல்யாணத்தின்போது, போவது கல்யாணச் செலவுக்கு. 2022 செப்டம்பர் 5 அன்று அதே அம்மையார் பெயரில் அதே திட்டம் தலைகீழானது. புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த பெண் கல்லூரியில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுடைய சொந்த வங்கிக் கணக்குக்கு 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது.

ஆயிரம் ரூபாயால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டத்தில் அந்தத் தொகையின் மதிப்பு கடையில் என்ன வாங்கலாம் என்பதில் இல்லை. படிக்கும் பெண்ணின் பெயரில் ஒரு கணக்கு, அதில் மாதாமாதம் ஒரு வரவு, படிப்பை நிறுத்தினால் அதுவும் நிற்கும் என்ற நிலை: வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போது அவள் பக்கம் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இதையும் கல்வித் திட்டமாகவே எண்ணுகிறேன், அரசு அப்படிச் சொல்லாவிட்டாலும். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் கொடுத்ததைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். தொலைவு என்பது பெண்ணுக்கு வேறு, பையனுக்கு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் டவுன் பஸ் போகாத ஊருக்கு இலவச டவுன் பஸ் என்பதற்குப் பொருள் இல்லை. மலையடிவாரக் கிராமங்களுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றுதான் வண்டி. கல்லூரி கடைசி மணியை அந்த வண்டியை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம், அல்லது போக்குவரத்துக் கழகம் வண்டியைக் கல்லூரியை ஒட்டி விடலாம். இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடியும் காரியம். அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்காகக் காலை நேர வகுப்புகளை வைத்தார். கால அட்டவணையும் சமூக நீதியின் ஆவணம்தான் என்று அன்றே புரிந்துகொண்டவர் அவர்.

இன்னொரு முயற்சிக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை. நான் முதல்வன் திட்டத்தின் பகுதியாக, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைப் பெயர் பெயராகத் தேடிப் பிடிக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் 2023 முதல் நடக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலோடு ஒப்பிட்டால் யார் விடுபட்டார் என்று தெரிந்துவிடும். அவரைக் கோட்ட அளவில் ஒரு முகாமுக்கு அழைத்து, கல்லூரிக்காரர்கள், வங்கி, சான்றிதழ் கொடுக்கும் வருவாய்த் துறையினர் என எல்லோரையும் அங்கேயே உட்கார வைக்கிறார்கள். சேராத காரணம் பல நேரம் வறுமைகூட இல்லை. ஒரு சான்றிதழ், ஒரு கடைசித் தேதி, திருப்பூருக்கோ பெங்களூருவுக்கோ வேலைக்குப் போய்விட்ட அப்பா, யாரிடம் கேட்பது என்று தெரியாத அம்மா. டெக்சாஸ் பட்ட அனுபவத்தை நாம் படாமலே கற்றுக்கொண்டோம்: கதவு திறந்திருக்கிறது என்று அறிவித்தால் போதாது, ஆள் அனுப்ப வேண்டும்.

உயர்கல்வியில் சேர்வோரின் விகிதம் 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பில் நாட்டுக்கு 28.4 என்றும் தமிழ்நாட்டுக்கு 47 என்றும் வந்தது. பெருமைப்படலாம். தருமபுரி மாவட்டத்துக்குள் மட்டும் 1965இல் தொடங்கிய அரசுக் கலைக் கல்லூரியோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், காரிமங்கலம் என அரசுக் கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. 2008இல் மருத்துவக் கல்லூரி, 2013இல் செட்டிக்கரையில் பொறியியல் கல்லூரி. மொரப்பூர்க்காரருக்கு அரூர் இப்போது எட்டும் தூரம்தான்.

இனி உள்ளே போவோம்.

நம் கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம். வரலாறோ வேதியியலோ தட்டுத்தடுமாறித் தேறிவிடும் பிள்ளை பகுதி இரண்டில் அரியர் வைக்கிறது. அது அடுத்த செமஸ்டருக்கும் தொடர்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகும் பட்டம் கையில் இல்லை. பொறியியலில் இது இன்னும் கடுமை. பன்னிரண்டு ஆண்டு தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் நாளே கணக்குப் பாடத்தை ஆங்கிலத்தில் கேட்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் வழிப் பொறியியல் கொண்டுவந்தது. வேலை கிடைக்குமா என்ற பயத்தில் சேர்ந்தவர் குறைவு. இரண்டு வழிகளுக்கும் நடுவில் ஒன்று இருந்திருக்கலாம்: முதல் ஆண்டில் பாடத்தைத் தமிழில் விளக்கி, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சொல்லி, மெதுவாக மாற்றுவது. நல்ல ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஏற்கெனவே செய்கிறார்கள். விதியில் இல்லாததால் அது ரகசியம் போல நடக்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதக்காரர் ஒன்றைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் தோற்றார்கள்; சீன வம்சாவளி மாணவர்கள் தேறினார்கள். முனைப்பில்லை, பள்ளி சரியில்லை, வீடு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் மாணவர்களோடு பழகிப் பார்த்தார். தோற்றவர்கள் தனியாகப் படித்தார்கள், கடுமையாகவே படித்தார்கள். தேறியவர்கள் மாலையில் கூடி, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தி, எந்த வினா எப்படி வரும் என்று பேசிப் படித்தார்கள். அவர் தோற்றவர்களுக்கு எளிய பாடம் வைக்கவில்லை. கடினமான கணக்குகளோடு ஒரு பட்டறை வைத்து, கூட்டமாக உட்கார்ந்து போடச் சொன்னார். முடிவு மாறியது. பின்தங்கியவருக்குச் சுலபமாக்கிக் கொடுப்பதே உதவி என்ற நம் பழக்கத்துக்கு இது நேர் எதிர். இதற்கு ஆகும் செலவு ஒரு வகுப்பறையும் மின்விளக்கும் ஒரு மூத்த மாணவரும். அரசு விடுதிகளில் இதைத் தொடங்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தைத் தருமபுரிக்காரர் யாராவது படித்தால் சிரிப்பு வரும். அவ்வளவு பழக்கமான பொருள்கள். முழு நேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை, கட்டணத்தில் விடுபடும் தொகை, பாடப்புத்தகம், மாதம் முழுவதற்கும் பஸ், ரயில் அட்டை, அடிக்கடி சந்திக்க வேண்டிய ஓர் ஆலோசகர். குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று ஆண்டில் பட்டயம் முடித்தார்கள். வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு கூடியது. படித்து முடித்த ஒருவருக்கான செலவு குறைந்தது. பஸ் அட்டை, புத்தகம், பணம் எல்லாம் நம்மிடம் தனித்தனித் துறைகளில் இருக்கின்றன. நம்மிடம் இல்லாதது அந்த ஆலோசகர். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் செய்வதும் கவனிக்க வேண்டியது. கொஞ்சம் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருக்கும் கடைசி ஆண்டு மாணவரை அதுவே கண்டுபிடித்து, அவர் கேட்காமலே பாக்கியைக் கட்டிவிடுகிறது. நம் ஊரில் கல்வி உதவித்தொகை வருவதற்குள் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி போய்விடுகிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள்.

அந்த ஆலோசகர் வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினொரு மாதம். புதிய கல்லூரிகள் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. அவர்களில் பலரும் இதே ஊர்ப்பக்கத்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள். மாணவரின் வீட்டைத் தெரிந்தவர்கள். தன் அடுத்த ஆண்டு உறுதியில்லாத ஒருவரிடம் இன்னொரு பிள்ளையின் மூன்று ஆண்டுகளை ஒப்படைத்திருக்கிறோம். இது புதிய யோசனை தேவைப்படும் இடமில்லை. பழைய யோசனையே போதும்: நிரந்தரப் பணி நியமனம்.

கல்லூரிக்குள் சாதி பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் எதையும் பேசியதாகாது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பகுதியில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன; அதன் தொடர்ச்சியாக 2013 ஜூலையில், சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் இளைஞர் இளவரசனின் உடல் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்புறத் தண்டவாளத்தருகே கிடந்தது. நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு 2023இல் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் வரும் சாதிவரை பலவற்றை நீக்கச் சொன்னது. உயர்கல்வியில் பாகுபாடு இன்னும் நுணுக்கமாக வேலை செய்கிறது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் நேர்முகத்தில் தொடர்ந்து குறைத்து மதிப்பிடப்படுவதை ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அப்துல் நஃபே குழு எண்களோடு காட்டி, நேர்முகத்தின் மதிப்பெண்ணை 30இலிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. நம் கல்லூரிகளில் அதற்கு இணையான இடம் இன்டர்னல் மார்க். பெயர் மறைத்துத் திருத்துவது எழுத்துத் தேர்வுக்கு மட்டும் ஏன்?

பழங்குடிகளின் நிலை தனி. சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினர் இருக்கிறார்கள். குறுமன்கள் மாவட்டமெங்கும் இருக்கிறார்கள். ஒரு சதவீத ஒதுக்கீடு அவர்களுக்கு உண்டு. அதைப் பெறத் தேவையான சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்காக விசாரணைகளும் மனுக்களும் போராட்டங்களும் நடக்கின்றன. அதற்குள் கவுன்சலிங் முடிந்துவிடுகிறது. அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியில் 1992இல் பழங்குடிகள் மீது நடந்த கொடுமைக்குத் தண்டிக்கப்பட்டவர்களில் வனத்துறையினர், காவல்துறையினரோடு வருவாய்த் துறையினரும் உண்டு. அந்த அலுவலகத்துக்கே சான்றிதழுக்காகப் போய் நிற்கச் சொல்கிறோம். தந்தைக்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குத் தானாகக் கிடைக்க வேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளியில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருப்பது நிர்வாகத்தின் வசதிக்காக மட்டுமே.

இத்தனையும் சொன்ன பிறகு, தகுதி என்னாவது என்ற கேள்வி வரும். ரயிலை வைத்தே பதில் சொல்லலாம். அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோப்பும் இந்திய ரயில்வேயின் உயர் பதவிகளில் இடஒதுக்கீட்டில் வந்தவர்களின் விகிதத்தையும் அந்தந்த மண்டலத்தின் உற்பத்தித் திறனையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். திறன் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சில அளவுகளில் கூடியிருந்தது. மொரப்பூர் வழியாக நாள்தோறும் போகும் வண்டிகள் அந்தக் கணக்குக்குள் அடங்கியவை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 7.5 சதவீதத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், புதுமைப் பெண்ணில் எத்தனை இலட்சம் பேர் பயனடைந்தார்கள் என்பது ஒவ்வொரு ஆண்டும் செய்திக்குறிப்பில் வருகிறது. அவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள், எத்தனை பேர் முதல் ஆண்டிலேயே நின்றார்கள், எந்தக் கல்லூரியில், எந்த ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள் என்பதை அதே குறிப்பில் சேர்க்கலாம். எமிஸ் எண் பள்ளியிலிருந்தே கூட வருகிறது. ஆயிரம் ரூபாய் எந்த மாதத்தோடு நின்றது என்பதை வைத்தே யார் எப்போது விலகினார் என்று தெரிந்துவிடும். இங்குள்ள கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் மீதிக் கணக்கு இருக்கிறது. மூன்றையும் இணைத்து மொரப்பூர் ஒன்றியத்துக்கு மட்டும் ஒரு பட்டியல் எடுக்கச் சட்டம் தேவையில்லை, மாவட்ட ஆட்சியர் கேட்டால் வந்துவிடும். அந்தப் பட்டியலில் முதல் செமஸ்டரில் நின்றுபோன பெயர்களிலிருந்து அடுத்த 'உயர்வுக்குப் படி' முகாமைத் தொடங்கலாம்.